பழைய பிக்கப் டிரக்: ஐடிலிங் 1,500-ல் நின்றதைச் சரிசெய்த விதம்

பெட்ரோல் இன்ஜின், மேப் சென்சார் (இன்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தை அளப்பது) உள்ளது. நன்றாகச் சூடான பிறகும் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) 1,500. 750 அளவில் நிற்க வேண்டும். ஐடில் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், அது கோளாறை மறைத்துவிடும்.

ஆக்சிலரேட்டர் கேபிளில் தொய்வு இருந்தது, த்ராட்டிலும் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) முழுசாக மூடியது. அடுத்து வேக்கம் ஹோஸ்களை (இன்ஜினின் உறிஞ்சல் செல்லும் ரப்பர் குழாய்கள்) ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தேன். பிரேக் பூஸ்டர் (அந்த உறிஞ்சலால் பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) ஹோஸை நெரித்ததும் ஆர்பிஎம் சட்டென இறங்கியது. கழற்றி வளைத்துப் பார்த்தால், பூஸ்டர் முனையில் கிளாம்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. அதில் காற்று நுழைந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும். கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டும். வேகம் ஏறாமல் என்ன செய்யும்?

பிரேக் பூஸ்டருக்கென்றே வரும் ஹோஸைத்தான் போட வேண்டும். சாதாரண டியூப் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும், பிரேக் மிதி கல்லாகிவிடும். ஹோஸில் காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வைத் திருப்பி மாட்டிவிடாதீர்கள்.

மாற்றியதும் 950. மீதிக்குக் காரணம் ஐடிலிங்கில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வில் படிந்த கரி. த்ராட்டில் கிளீனர் அடித்துத் துடைத்ததும் 750-க்கு வந்தது.