மீட்ட முயலுக்கு நிலையான வீட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மீட்ட முயலை யாரிடம் ஒப்படைப்பது என்ற முடிவை மீட்ட அன்றே எடுக்கக் கூடாது. கைவிடப்பட்ட கூண்டிலிருந்தோ தெருவோரத்திலிருந்தோ வந்து சேரும் முயல் முதல் சில நாள்கள் தன் இயல்பான குணத்தைக் காட்டுவதில்லை. அச்சத்தில் உறைந்து கிடப்பதைப் பார்த்து அதைச் சாது என்று எண்ணிவிடுகிறோம். மிரண்டு கடித்தால் முரட்டு முயல் என்று முத்திரை குத்திவிடுகிறோம். நல்ல கவனிப்பில் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும் என்பதால், அவ்வளவு காலத்துக்கான முடிவைச் சில வாரங்கள் பொறுத்திருந்து எடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

கையில் இருப்பது வீட்டு முயல்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புல்வெளியில் தனியாகக் கிடக்கும் காட்டு முயல் குட்டி பெரும்பாலும் தாயற்றது அல்ல. தாய் முயல் நாளுக்கு ஓரிரு முறை, அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே வந்து பாலூட்டிவிட்டு விலகிப் போய்விடும். காயமில்லாத குட்டியை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். காயம்பட்டிருந்தால் வனவிலங்குகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவரிடம் சேர்க்க வேண்டும். வெள்ளை நிறம், திட்டுத் திட்டான தோல், தொங்கும் காது, குறுகிய முகம் போன்றவை மனித வளர்ப்பில் உருவான அடையாளங்கள். அத்தகைய முயலை 'இயற்கையோடு வாழட்டும்' என்று தோப்பிலோ காட்டிலோ விடுவது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். வீட்டு முயல் என்று தெரிந்தால், அதைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர் யாரேனும் உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, உரிமையாளரை அறியத் தோலுக்கு அடியில் பதிக்கும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதனையும் செய்துவிடுங்கள்.

உங்களிடம் வேறு முயல்கள் இருந்தால், புதிதாக வந்ததைக் குறைந்தது 14 நாள்கள் தனி அறையில் வைக்க வேண்டும். முயல்களைக் கொல்லும் குருதிப்போக்கு நோயின் இரண்டாம் வகை வைரஸ் 2010-இல் பிரான்சில் கண்டறியப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. கைகளிலும் உடைகளிலும் ஒட்டிக்கொண்டே அது ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்விடும். ஆகவே தனிமைப்படுத்துவது என்றால் தட்டு, துடைப்பம், மேலாடை எல்லாமே தனி என்று பொருள். தடுப்பூசி கிடைக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பற்கள், காதுகள், பாதங்களின் அடிப்பகுதி, வாலைச் சுற்றிய பகுதி ஆகியவற்றை அவர் பார்க்கும்போதே பாலினத்தையும் உறுதி செய்யச் சொல்லுங்கள். இளம் முயல்களில் ஆண், பெண் அடையாளம் தவறிப்போவது மிகச் சாதாரணம். பெண் முயலாக இருந்தால், அதன் கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாள்கள் என்பதால், ஐந்து வாரங்கள் கடக்கும்வரை அது சினையாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே கவனித்து வர வேண்டும்.

கருத்தடை அறுவைச் சிகிச்சையை வளர்க்கப் போகிறவரின் பொறுப்பில் விடாமல், ஒப்படைக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கருத்தடை செய்யப்படாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். அறுவைச் சிகிச்சை அதைத் தடுத்துவிடுகிறது. ஆண் முயலுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகும் ஆறு வாரங்கள் வரை கருவுறச் செய்யும் திறன் எஞ்சியிருக்கலாம் என்பதைப் பலர் அறியாமல், உடனே பெண் முயலுடன் சேர்த்து விட்டுவிடுகிறார்கள்.

இந்த வாரங்களில் ஒரு நாட்குறிப்பு எழுதுங்கள். எந்த நேரத்தில் வெளியே வருகிறது, எந்த ஓசைக்குப் பின்காலால் தரையைத் தட்டுகிறது, தூக்கினால் என்ன செய்கிறது, தூக்காமல் அருகில் அமர்ந்தால் என்ன செய்கிறது என்று எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் கூடையோடு வைத்து எடை பாருங்கள். முயல்கள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருப்பவை. நண்பகலில் மட்டும் பார்த்துவிட்டு 'மந்தமான முயல்' என்று எழுதிவிடக் கூடாது.

என்னிடம் வந்த சாம்பல் நிறப் பெண் முயல் ஒன்று முதல் 9 நாள்கள் அட்டைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை. நான் அறைக்குள் நுழைந்தால் காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு, கண் பிதுங்கச் சுவரோடு சுவராக அமுங்கிவிடும். பத்தாம் நாள் அந்தியில், விளக்கை அணைத்துவிட்டு நான் தரையில் அசையாமல் படுத்திருந்தபோது அது மெல்ல வந்து, என் சட்டைக் கையின் ஓரத்தை முகர்ந்து, தாடையை ஒருமுறை அதில் தேய்த்துவிட்டுத் திரும்பிப் போனது. முயலின் தாடைக்கு அடியில் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. தேய்த்த பொருளைத் தனக்கு உரியதாக அது குறித்துக்கொள்கிறது. தூக்கிக் கொஞ்சுவதை அது ஒருபோதும் விரும்பப் போவதில்லை என்பதும், பேசாமல் தரையில் அமர்ந்திருப்பவரை அதுவாகவே நாடி வரும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின. அதைக் கேட்டு முதல் வாரமே ஒரு குடும்பம் வந்திருந்தது. மிக நல்ல மனிதர்கள், ஓயாமல் ஓடியாடும் மூன்று சிறு பிள்ளைகள். நான் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லியிருந்தேன். அவர்களிடம் போயிருந்தால் அது கட்டிலுக்கு அடியிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கும், பிள்ளைகளும் ஏமாந்து போயிருப்பார்கள்.

முயலின் குணம் ஓரளவு பிடிபட்ட பிறகே வீடுகளைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும். முயலைக் கேட்டு வருபவரிடம் 'உங்களுக்கு முயல் பிடிக்குமா' என்று கேட்டுப் பயனில்லை, பிடிக்காதவர் வரமாட்டார். உங்கள் வீட்டில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று சொல்லச் சொல்லுங்கள். யார் எப்போது எழுகிறார்கள், முயல் இருக்கும் இடத்தை யார் முதலில் கடந்து போவார்கள், வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற விவரங்கள் அதில் தாமாகவே வந்துவிடும். ஒரு நாள் காலை அது சாப்பிடவில்லை என்றால் அதை முதலில் கவனிக்கப்போகிறவர் யார் என்பதே நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதும் கேள்வி. முயல் வேட்டையாடப்படும் விலங்கு என்பதால் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அதன் குடல் இடைவிடாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வலியாலோ அச்சத்தாலோ உணவுக் குறையாலோ குடல் அசைவு நின்றுபோனால் நிலைமை மணிக்கணக்கில் மோசமாகிவிடும். 12 மணி நேரம் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலை அவசர நோயாளியாகவே நடத்த வேண்டும். இரவில் வைத்த தீனி அப்படியே இருக்கிறதே, கழிவுத் தட்டில் புழுக்கைகள் சிறுத்துக் குறைந்திருக்கின்றனவே என்று காலையிலேயே கண்டுகொள்ளும் ஒருவர் இருக்கும் சிறிய வீடு, வேலையாள் வாரம் இருமுறை கூட்டிவிட்டுப் போகும் பெரிய தோட்டத்தைவிட முயலுக்குப் பாதுகாப்பானது.

இடத்தை நேரில் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் கொண்ட இடமாவது இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்ற அளவை நல்ல தொடக்கமாகக் கொள்ளலாம். பின்கால்களில் நிமிர்ந்து நின்றால் காது மேலே இடிக்கக் கூடாது. நான்கைந்து தாவல் ஓட முடிய வேண்டும். கம்பி வலைத் தரை பாதங்களைப் புண்ணாக்கிவிடும் என்பதால் அத்தகைய கூண்டை மட்டும் வைத்திருப்பவரிடம் மாற்றிய பிறகு வரச் சொல்லுங்கள். குளிரைவிட வெப்பமே முயலுக்குப் பெரிய எதிரி. நம்மைப் போல் வியர்த்து உடலைக் குளிர்விக்க அதனால் இயலாது, காதுகளின் வழியாகவே பெருமளவு வெப்பத்தை வெளியேற்றுகிறது. 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. எனவே காலையில் போய்ப் பார்த்துத் திருப்தி அடையாமல், பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மின்கம்பிகளைக் கடிக்க முடியாதபடி மறைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சோதிக்க வேண்டியதில்லை, கற்றுக்கொடுத்துவிடலாம். நாள்தோறும் முயலின் உடல் அளவுக்காவது உலர்புல், ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 25 கிராம் பெல்லட் தீவனம், கொஞ்சம் பசுந்தழை, எப்போதும் தண்ணீர். வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பற்களைத் தேய்க்க உலர்புல்லே உதவுகிறது. கேரட்டும் பழமும் எப்போதாவது தரும் பண்டங்களே. மருத்துவர் விஷயத்தில்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயலைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லர். வாய்வழித் தரப்படும் பெனிசிலின் வகை மருந்துகள் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலைக் கொன்றுவிடக்கூடும். நாய்களுக்கு உண்ணி போக்கத் தடவும் ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சாகிவிடும். முயலைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரை முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருப்பவர் மற்றவற்றில் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு கூடாது என்று நான் சொல்லவில்லை. பொறுப்பு பெரியவருடையது என்பதை அந்தப் பெரியவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறேன். முயலின் எலும்புகள் மிக மெல்லியவை, பின்கால் தசைகளோ வலுவானவை. பின்புறத்தைத் தாங்காமல் தூக்கும்போது அது திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பு முறியக்கூடும். மல்லாக்கப் பிடித்தால் அசையாமல் கிடப்பதைச் சுகம் என்று நினைக்கிறார்கள், அது அச்சத்தில் விறைத்துப்போன நிலை.

முயல் கூட்டமாக வாழும் விலங்கு. ஆகவே ஏற்கெனவே ஒரு முயல் தனித்திருக்கும் வீடு பல சமயங்களில் மிகச் சிறந்த தேர்வாக அமைகிறது. கருத்தடை செய்யப்பட்ட ஆணும் பெண்ணும் எளிதில் ஒத்துப்போகும். ஆனால் புதியதைப் பழையதன் இடத்தில் கொண்டுபோய் விட்டால் இரத்தக் காயம் வரை போகலாம். முதலில் வேலிக்கு இருபுறமும் வைத்து, விரிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்கி, பிறகு இரண்டுக்கும் புதிதான ஓரிடத்தில் நம் கண் முன்னே சில நிமிடங்கள் சந்திக்க வைக்க வேண்டும். சில இணைகளுக்குச் சில நாள்கள் போதும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றாகவே மீட்கப்பட்டு, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்து, ஒட்டிப் படுக்கும் இரு முயல்களை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். ஒன்றை மட்டும் கேட்பவரிடம் இரண்டும் சேர்ந்துதான் என்று சொல்லுங்கள்.

நாமே வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். கூடாது என்பதில்லை, ஆனால் பிறரிடம் கேட்ட அத்தனை கேள்விகளையும் நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று சேர்ந்தால் ஏற்கெனவே இருப்பவற்றைக் காலையில் கவனிக்கும் நேரம் குறையுமானால், அந்த அன்பு இருப்பவற்றுக்கு இழப்பாகிவிடும். பல் கோணி வளர்வதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் போக வேண்டிய முயல், தலை சாய்ந்துபோன முயல், மிக வயதான முயல் ஆகியவற்றின் கணக்கு வேறு. அவற்றுக்கு இடமாற்றமே பெரும் சுமை. அவற்றை ஏற்கெனவே அறிந்தவரிடமோ, அத்தகைய முயல்களைப் பராமரித்துப் பழகியவரிடமோ இருப்பதே நல்லது. காப்பகத்தில் சேர்ப்பதாக இருந்தால் நேரில் சென்று, ஒருவர் எத்தனை முயல்களைக் கவனிக்கிறார், கருத்தடை செய்யாதவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

வீடு முடிவானதும் அவர்களை உங்கள் இடத்துக்கு இரண்டு முறையாவது வரச் சொல்லுங்கள். இரண்டாவது முறை அவர்களே தரையில் அமர்ந்து, முயல் வரும்வரை காத்திருக்கட்டும். குட்டி போட விடுவதில்லை, வேறு யாரிடமும் கைமாற்றுவதில்லை, வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் எத்தனை ஆண்டுகள் கழித்தாயினும் உங்களிடமே திருப்பித் தருவது என்ற மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முதல் மாதத்தைச் சோதனைக் காலமாக வைத்து, திருப்பித் தந்தால் குறை சொல்லமாட்டேன் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்து வைப்பவரைவிட முயலைத் திரும்பக் கொண்டுவருபவர் எவ்வளவோ மேல்.

அனுப்பும்போது இரண்டு வாரங்களுக்குப் போதுமான அதே உலர்புல், அதே தீவனம், துவைக்காத பழைய விரிப்பு, நீங்கள் எழுதிய நாட்குறிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தச் சாம்பல் நிற முயல் கடைசியில், ஏற்கெனவே ஓர் ஆண் முயல் தனித்திருந்த, மாலையில் தரையில் அமர்ந்து படிக்கும் பழக்கமுள்ள ஒருவரின் வீட்டுக்குப் போனது. மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தபோது, நான் கேட்பதற்கு முன்பே அவர் தட்டிலிருந்த புழுக்கைகளின் அளவைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.