குறைமாதக் குழந்தையின் உடல் சில்லிட்டுப் போகாமல் காப்பது எப்படி?

37 வாரம் நிறையும் முன் பிறந்த குழந்தைக்குத் தோல் மிக மெல்லியது. உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பும் போதிய அளவு சேர்ந்திருக்காது. துணி இருக்கிற வெப்பத்தை வெளியேறாமல் தடுக்குமே தவிர, புதிதாக வெப்பம் தராது. ஆகவே சில்லிட்ட குழந்தையை எத்தனை போர்வையால் சுற்றினாலும் போதாது. அதற்கு வெப்பம் வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும். வீட்டில் அதற்கு மிகப் பொருத்தமான இடம் தாயின் மார்புதான்.

முதலில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் கவலையில்லை. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால், உடல் வெப்பத்தை இழக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வயிறும் குளிர்ந்திருந்தால் ஆபத்து. பிறகு டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை அக்குளின் நடுவில் வைத்து, குழந்தையின் கையை விலாவோடு சேர்த்துப் பிடித்து, ஒலி வரும்வரை காத்திருங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பானது.

அதற்குக் குறைந்தால், ஃபேனை நிறுத்தி, ஈரத்துணியை உடனே மாற்றி, குழந்தைக்குக் குல்லா, காலுறை, டயப்பர் மட்டும் அணிவியுங்கள். தாய் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து, மேலாடையை விலக்கி, இரு மார்பகங்களுக்கு நடுவே குழந்தையை நிமிர்த்தி வைத்து, தோலோடு தோல் படுமாறு அணைத்துக்கொள்ள வேண்டும். தலை ஒருபுறம் திரும்பி, முகவாய் லேசாக உயர்ந்து, மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முகவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சு தடைப்படும் என்பதால் இதில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. கைகால்கள் மடங்கியிருக்க, குழந்தையின் காது மட்டம் வரை அகலத் துணியால் கட்டுங்கள். வயிற்றுப் பகுதியில் இறுக்க வேண்டாம். தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையோ பாட்டியோ இவ்வாறே வைத்துக்கொள்ளலாம்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எட்கர் ரே என்ற மருத்துவர் 1978-இல் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இது. இன்று உலக சுகாதார நிறுவனம் இதை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைக்கிறது.

வெப்பத்தை உண்டாக்க உடலுக்குச் சக்தி வேண்டும். ஆகவே அணைத்தபடியே தாய்ப்பால் கொடுங்கள். வெந்நீர் பாட்டிலை அருகில் வைக்காதீர்கள், அந்த மெல்லிய தோல் எளிதில் வெந்துவிடும். மருத்துவர் சொல்லும்வரை குளிப்பாட்டவும் வேண்டாம்.

ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். வெப்பநிலை ஏறாவிட்டாலோ, 36 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழி நெடுக குழந்தையை இதேபோல் மார்போடு அணைத்தபடியே கொண்டு செல்லுங்கள்.