செக்கரிங் பழுதுபார்ப்பு: கட்டையைக் கெடுக்கும் தவறுகள்

துப்பாக்கியின் மரப்பகுதியான கட்டையில், கைப்பிடியிலும் முன்கட்டையிலும் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய சால்களை வெட்டி, இடையில் சின்னஞ்சிறு சாய்சதுரங்களைக் கூராக நிறுத்துவதுதான் செக்கரிங். வியர்த்த கையிலும் பிடி நழுவக்கூடாது என்பதற்காக வெட்டப்படுவது. ஆண்டுக்கணக்கில் கைபட்டால் கூர் மழுங்கும். எங்காவது மோதினால் உடையும். அதைப் புதுப்பிக்கப் பழகுகிறவர்களைப் பார்த்துவருகிறேன். நான் பழகிய காலத்துப் பிழைகளே மறுபடி மறுபடி வருகின்றன. தோட்டா இல்லை என்று உறுதிசெய்வது, கட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்வது, கட்டையை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடைகளுக்குத் துணி வைப்பது ஆகியவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அழுக்கின் மேல் வெட்டுவது

மழுங்கிவிட்டதாகத் தோன்றும் செக்கரிங்கில் பாதி, உண்மையில் அடைபட்டதுதான். கைப்பிசுக்கும் பழைய எண்ணெயும் சால்களை நிரப்பியிருக்கும். டர்பன்டைனில் நனைத்த பழைய பல்துலக்கும் பிரஷால், வரியின் போக்கிலேயே தேயுங்கள். பழைய வார்னிஷ் என்றால் பெயின்ட் ரிமூவர் தேவைப்படும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. பல கட்டைகளுக்கு இதற்கு மேல் எதுவுமே வேண்டியிருக்காது.

இரட்டை வரிசை அரத்தை நம்புவது

‘அங்குலத்துக்கு 20 வரி’ என்று விற்கப்படும் இரட்டை வரிசை அரத்தில், ஒரு வரிசை முன்பே உள்ள சாலில் வழிகாட்டியாக ஓடும். அடுத்த வரிசை அதிலிருந்து இருபதில் ஒரு அங்குலம் தள்ளிப் புதிய சால் ஒன்றைக் கீறும். வெற்று மரத்தில் புது வேலைக்கு அருமையான கருவி. அதைப் பழைய செக்கரிங்கில் வைப்பதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கையால் வெட்டிய கட்டையில் வரிகளின் இடைவெளி சீராக இருக்காது. அங்குலத்துக்கு இருபதரை வரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிக்கு ஏற்படும் விலகல் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், கண்ணுக்குத் தெரியாது. பழைய சால் ஆழமாக உள்ள இடத்தில் வழிகாட்டி வரிசை அதிலேயே அமர்ந்து பிழையைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் நாம் கைவைப்பதோ சால் தேய்ந்த இடத்தில். அங்கே வழிகாட்டி அமர்வது, நீங்கள் இப்போதுதான் கீறிய சாலில். பிழை சேர்ந்துகொண்டே போகும். ஓர் அங்குலம் நகர்வதற்குள் அரை வரி விலகி, அரம் பழைய சாய்சதுரத்தின் உச்சியில் இறங்கி அதைப் பிளந்துவிடும்.

இளைஞர் ஒருவர் தன் தாத்தாவின் வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிளின் கட்டையைக் கொண்டுவந்தார். 1964-க்கு முந்தையது, கையால் வெட்டியது. கைப்பிடியின் ஒரு பக்கம் மழுங்கியிருந்தாலும் முழுமையாக இருந்தது. மறுபக்கத்தை இரட்டை வரிசை அரத்தால் அவரே புதுப்பித்திருந்தார். ஓரத்து வரிகள் அழகாக இருந்தன. நடுவுக்கு வரவர, ஒரு சாய்சதுரம் நின்ற இடத்தில் இரண்டு மெல்லிய சிராய்கள். விரலால் தடவியதும் உதிர்ந்தன. இதற்கு மருந்தே கிடையாது. சாலின் அடிவரை முழுப் பரப்பையும் எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டினால் கைப்பிடி மெலியும், மறுபக்கத்தோடு ஒட்டாது, சேகரிப்பாளரிடம் மதிப்பும் போய்விடும். ஒற்றை வரி அரம் அவருடைய பெட்டியிலேயே இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது.

பழுதுபார்க்க ஒற்றை வரி அரம் மட்டுமே. எல்லைக்கோட்டை ஒட்டிய பகுதி பெரும்பாலும் தேயாமல் இருக்கும். அங்கே உள்ள தெளிவான சாலில் அரத்தை அமர்த்தி, அழுத்தாமல், தேய்ந்த பகுதிக்குள் கொண்டுசெல்லுங்கள். ஒரு திசை வரிகள் அனைத்தையும் பாதி ஆழம் வரை முடித்த பிறகே மறுதிசைக்குப் போகவேண்டும். முழு ஆழம் கடைசிச் சுற்றில்தான். சால் அடியோடு மறைந்த இடத்தில், வளையும் பிளாஸ்டிக் அளவுகோலை இருபுறமும் மிஞ்சிய வரிகளோடு பொருத்தி, கத்திநுனியால் மெல்லக் கோடு கீறிக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பிடியின் மழுங்கிய பக்கம் இப்படித்தான் மீண்டது.

அச்சு வேலையை வெட்டு வேலை என்று எண்ணுவது

1964-இல் வின்செஸ்டர் நிறுவனம், மாடல் 70-க்குக் கையால் வெட்டுவதை விட்டுவிட்டு, சூடான அச்சால் அழுத்தும் முறைக்கு மாறியது. அந்தக் கட்டைகளில் எல்லாம் தலைகீழ்: சால் இருக்கவேண்டிய இடத்தில் மேடு, சாய்சதுரத்தின் இடத்தில் குழி. அரம் அமர இடமே இல்லை. மேட்டின் வழியாகவே புதிய சால் எடுத்து, குழியையும் தாண்டிக் கீழே போகத் தேர்ந்த கைகளால் முடியும். ஆனால் அது பழுதுபார்ப்பு அல்ல, முழுப் புது வேலை. பழகும் கட்டத்தில் வேண்டாம்.

தலைக்கு மேல் விளக்கு

பக்கவாட்டில் வையுங்கள். நிழல் விழுந்தால்தான் சால் தெரியும்.

எல்லைக்கோட்டைத் தாண்டுவது

கடைசி அரை அங்குலத்தில் நீள இழுப்பு கூடாது. அரத்தைத் திருப்பிப் பிடித்து, எல்லையிலிருந்து உள்நோக்கிக் குட்டையாக இழுங்கள்.

பசையும் மரத்தூளும்

ஓரிரு சாய்சதுரங்களின் நுனி உடைந்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பெயர்ந்துபோன பெரிய இடத்தை எபாக்சியும் மரத்தூளும் கலந்து அப்பினால், எண்ணெய் பட்டதும் அந்த இடம் மட்டும் நிறம் மாறாமல் தனித்துத் தெரியும். அதே வால்நட் மரத்தில் ஒரு துண்டை, ரேகை ஓட்டம் பொருந்துமாறு பதித்து ஒட்டி, காய்ந்த பின் சுற்றியுள்ள வரிகளை அதன் மேல் நீட்டி வெட்டுங்கள். மரம் நசுங்கி மட்டும் இருந்தால் துண்டே தேவையில்லை. ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியால் தொட்டால் நசுங்கிய நார் எழும்பிவிடும். அறுந்த நார் எழும்பாது.

வார்னிஷ்

பூசாதீர்கள். ஆளிவிதை எண்ணெயை மெலிதாகத் தடவி, உடனே உலர்ந்த பிரஷால் சாலில் தேங்கியதை எடுத்துவிடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடவேண்டாம், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள்.