கவிழ்ந்தாலும் தானே நிமிரும் ரிமோட் படகு: அலையுள்ள நீருக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில், குழித்துறையாறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கேரள எல்லையான நீரோடி வரையுள்ள கடற்கரையில் ரிமோட் படகு ஓட்ட விரும்பும் இளைஞர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடையில் கேட்கும் முதற்கேள்வி வேகத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. குளத்தில் ஓட்டுவதற்கு அந்தக் கேள்வி போதும். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் ஓட்டுவதற்கு, கவிழ்ந்த படகு எதனால், எப்படி நிமிர்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். பெட்டியின் மேல் 'தானே நிமிரும்' என்று அச்சிட்டிருப்பதெல்லாம் ஒரே வகை அல்ல. அவற்றுள் ஒரு வகை மட்டுமே கரைக்கு எட்டாத தூரத்திலும் நம்பத் தக்கது.

முதலில் உங்கள் நீரைப் பாருங்கள்

ஒரே நாளில், ஒரே ஊரில், அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் நீரின் குணம் மாறிவிடுகிறது. பழைய நீர்வழியான ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாயின் எஞ்சிய பகுதிகளில் அலை கிடையாது. பாசியும் ஆகாயத்தாமரையும்தான் தொல்லை. ஆற்றுக்குள் சற்றுத் தள்ளினால் கச்சான் காற்று எழுப்பும் சிற்றலைகள் இருக்கும். பொழிமுகத்திலோ வெளியேறும் ஆற்று நீரும் உள்ளே வரும் கடலலையும் எதிரெதிரே மோதுவதால், அலைகளின் இடைவெளி குறுகி அவற்றின் முகம் செங்குத்தாகிறது. உயரம் குறைவாகவே இருந்தாலும் இவ்வகை அலைதான் சிறிய படகைக் கவிழ்க்கிறது. ஆகவே அலை எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்க்காமல், ஓர் அலையின் உச்சிக்கும் அடுத்ததன் உச்சிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும் கரையில் நின்று கவனியுங்கள். அந்த இடைவெளி படகின் நீளத்தை நெருங்கினால் படகு ஓர் அலையிலிருந்து இறங்குமுன்பே அடுத்ததில் அணியத்தை (முன்முனையை) குத்தும்.

நிமிரும் முறையை அறிந்துகொள்ளுங்கள்

சந்தையில் உள்ளவை பெரும்பாலும் மூன்று வழிகளில் நிமிர்கின்றன.

முதலாவது, மோட்டாரின் திருகுவிசையால் நிமிர்வது. படகு குப்புறக் கிடக்கும்போது ரிமோட்டின் வேக விசையை முன்னும் பின்னும் சட்டென்று இழுத்தால், சுழலும் விசிறிக்கு எதிர்த்திசையில் உடல் உருண்டு நிமிர்ந்துவிடுகிறது. விலை குறைந்த படகுகள் பலவும் இந்த வகையே. குளத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இதற்கு மின்கலத்தில் தெம்பு இருக்க வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ரிமோட்டின் சமிக்ஞை படகைச் சென்றடைய வேண்டும். இன்றைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அந்த அலைகள் நீருக்குள் மிக விரைவில் வலுவிழந்துவிடும். நிமிர்ந்த படகில் மேலே நிற்கும் ஆன்டெனா கவிழ்ந்த படகில் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. கரையோரத்தில் கைகொடுத்த முறை தொலைவில் கைவிடுவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு. இவ்வகைப் படகுகள் பலவற்றில், நீரில் இறக்கினால் மட்டுமே மோட்டார் ஓடும்படி அடிப்பாகத்தில் இரண்டு உலோகப் புள்ளிகளை வைத்திருப்பார்கள். விரல் விசிறியில் சிக்காமலிருக்க அது நல்ல ஏற்பாடு. எனினும் கவிழ்ந்த நிலையில் அந்தப் புள்ளிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். நிமிர்வதற்கு மோட்டாரை நம்பியிருக்கும் படகில் இப்புள்ளிகள் இருந்தால், கவிழ்ந்த நிலையிலும் மோட்டார் ஓடுகிறதா என்று சோதிக்காமல் அதை ஆழத்துக்கு அனுப்பக் கூடாது.

இரண்டாவது, ஒரு பக்கத்தில் நீர் புகும் அறை வைத்து நிமிர்வது. உடலின் இடம் அல்லது வலம் ஏதேனும் ஒரு பக்கத்தில் மட்டும், மற்ற உட்பகுதியோடு தொடர்பில்லாத ஒரு நீண்ட அறை இருக்கும். படகு குப்புற விழுந்தவுடன் அதன் திறப்பு வழியாக நீர் உள்ளே புகும். அந்தப் பக்கம் கனத்துத் தாழும். மேற்கூரையில் அடைபட்ட காற்று மறுபக்கத்தை மேலே தள்ளும். அடியில் உள்ள மின்கலத்தின் எடை மிச்ச வேலையை முடித்துவிடும். நிமிர்ந்த பிறகு படகு முன்னே நகர நகர, அறையில் உள்ள நீர் பின்புறத் துளை வழியாக வடிந்துவிடும். மோட்டாரும் ரிமோட்டும் முழுக்க நின்றுபோனாலும் இது நடக்கும். அலையுள்ள நீருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகையை மட்டுமே.

மூன்றாவது, கனமான அடிக்கட்டையால் நிமிரும் பாய்ப்படகு. 65 செ.மீ. நீளமுள்ள டிராகன் ஃபோர்ஸ் 65 போன்றவை இந்த வகை. மோட்டார் படகைவிடப் பாய்ப்படகு அழகு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் அடிக்கட்டை ஆழமாக இறங்குவதால், மணல் திட்டு அடிக்கடி இடம் மாறும் பொழிமுகத்துக்கு அது பொருந்தாது.

தானே நிமிரும் இந்தத் தத்துவம் பழையது. 1851-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து பிரபு அறிவித்த மீட்புப் படகுப் போட்டியில் ஜேம்ஸ் பீச்சிங் என்பவரின் வடிவம் பரிசு பெற்றது. இரு முனைகளிலும் உயரத்தில் காற்றறைகள், அடியில் கனம் என்பதே அதன் அடிப்படை. உயரத்தில் காற்று, தாழ்வில் எடை என்ற இந்த ஒரே விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் படிகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

இரட்டை உடல் கொண்ட கட்டமரான் வகைப் படகுகளைத் தவிர்த்துவிடுங்கள். அகலமான தட்டுப்போல இருப்பதால் அவை நேராக எவ்வளவு உறுதியாக மிதக்கின்றனவோ, தலைகீழாகவும் ஏறத்தாழ அவ்வளவு உறுதியாகவே மிதக்கும்.

அளவும் மாதிரியும்

வோலன்டெக்ஸ் வெக்டர் வரிசையில் எஸ்.ஆர். 48, எஸ்.ஆர். 65, எஸ்.ஆர். 80 என்று மூன்று உண்டு. பெயரில் உள்ள எண்ணே சென்டிமீட்டரில் அதன் நீளம். புரோ போட் நிறுவனத்தின் ரீகாயில் 18 அங்குலத்திலும் 26 அங்குலத்திலும் வருகிறது. டிராக்ஸஸ் ஸ்பார்டன் எஸ்.ஆர். 36 அங்குலம், தொடங்குகிறவருக்கு அது தேவையில்லை. புரோ போட் ஜெட் ஜாம் 12 அங்குலமே உள்ள நீச்சல்குளப் படகு. அதைக் கடற்கரைக்குக் கொண்டுவருவது வீண்.

ஆற்றுச் சிற்றலைக்கு 48 செ.மீ. போதும். பொழிமுகத்தருகே ஓட்டுவதானால் 65 செ.மீ. என்பதே என் தீர்மானமான கருத்து. அதைவிடச் சிறியது அலை இடைவெளிக்குள் சிக்கிக்கொள்ளும். அதைவிடப் பெரியதை இரு சக்கர வாகனத்தில் கொண்டுபோவதே சிரமம். அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவில் இருக்கட்டும். தட்டையான அடி ஒவ்வோர் அலையிலும் அறைபட்டுத் துள்ளும்.

மோட்டார் பிரஷ்லெஸ் ஆக இருப்பது நல்லது. உப்புநீர் பட்டால் தேய்ந்து கருகும் கார்பன் பிரஷ்கள் அதில் இல்லை. மின்கலம் லிப்போ (லித்தியம் பாலிமர்) வகை, படகுக் குறிப்பேட்டில் சொன்ன மின்னழுத்தத்தை மீற வேண்டாம்.

தொட்டிச் சோதனை: எல்லாவற்றிலும் முக்கியமான படி

எனக்கு அதிக நேரம் பிடித்ததும், புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவதும் இந்தப் படிதான். படகு வந்த அன்றே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டுச் சிமென்ட் தொட்டி போதிய நீளமில்லையென்றால் ஊர்க் குளத்தின் படித்துறை போதும்.

நீங்கள் உண்மையில் ஓட்டப்போகும் மின்கலத்தையே உள்ளே வைத்துக் கட்டுங்கள். ஆனால் இணைப்பைக் கொடுக்க வேண்டாம். மூடியை முறையாக மூடுங்கள். படகை நீரில் குப்புறக் கவிழ்த்து, அசையாமல் நிற்கும்வரை பிடித்திருந்துவிட்டுக் கையை எடுங்கள். பின்புறத் துளையருகே காற்றுக் குமிழிகள் குபுகுபுவென்று வெளிவரும். சில நொடிகளில் ஒரு பக்கம் தாழும். படகு விலாவில் சாய்ந்து ஒரு கணம் தயங்கும். பிறகு புரண்டு நிமிரும். மின்சாரமே இல்லாமல் இது நடந்தால் அந்தப் படகை நம்பலாம்.

நடக்கவில்லையென்றால் எங்கே நின்றது என்று பாருங்கள். சாயவே இல்லை, குமிழியும் வரவில்லை என்றால் நீர் புகும் அறையின் துளை அடைபட்டிருக்கிறது. நீர் கசியாமலிருக்க வேண்டும் என்ற அக்கறையில் கண்ட துளைகளையெல்லாம் டேப் போட்டு மூடுகிறவர்கள் உண்டு. அந்தத் துளை கசிவு அன்று, அதுதான் படகை நிமிர்த்தும் வழி. அறைக்குள் மிதவைக்காகத் தெர்மோகோல் திணிப்பதும் இதே கெடுதலைச் செய்யும்.

பாதி சாய்ந்து விலாவிலேயே நின்றுவிட்டால் மின்கலத்தைப் பாருங்கள். அது அதிர்ச்சி தாங்க வேண்டுமென்று பலரும் அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைத்து, அதன்மேல் வெல்க்ரோ ஒட்டி, அதற்கும் மேலே மின்கலத்தைப் படுக்க வைக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தாலே சிறிய படகின் எடைமையம் மாறிவிடுகிறது. ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, மெல்லிய வெல்க்ரோ பட்டை மட்டும் போட்டு, மின்கலத்தை அடி நடுக்கோட்டில் எவ்வளவு தாழ வைக்க முடியுமோ அவ்வளவு தாழ வையுங்கள். பக்கவாட்டில் அது நழுவவும் கூடாது. அப்போதும் தயங்கினால், கார் சக்கரத்தைச் சமன்செய்ய டயர் கடைகளில் ஒட்டும் 5 கிராம் எடைத் துண்டுகள் இரண்டு மூன்றை அதே நடுக்கோட்டில் ஒட்டிப் பாருங்கள். பக்கங்களில் ஒட்ட வேண்டாம். நிமிர்ந்த பிறகு படகு ஒருபுறம் சாய்ந்தே ஓடும்.

முன்பின் சமநிலையையும் இப்போதே சரிபார்த்துவிடலாம். பின்விளிம்பிலிருந்து நீளத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுத் தூரத்தில் இரு விரல்களால் தாங்கினால் படகு மட்டமாக நிற்க வேண்டும். அலையுள்ள நாளில் மின்கலத்தைச் சற்றே அணியப் பக்கம் நகர்த்துங்கள். காற்று அணியத்துக்கு அடியில் புகுந்து தூக்குவது குறையும்.

மூடியை அடைத்தல்

மேற்கூரைக்குள் இருக்கும் காற்றுதான் தலைகீழான படகை நிலைகொள்ள விடாமல் புரட்டுகிறது என்பதால், மூடி கசிந்தால் உள்ளே இருப்பவை நனைவதோடு நிமிரும் ஆற்றலும் போய்விடும். மூடியைச் சுற்றி, ஒளி ஊடுருவும் நீர்புகா டேப்பை ஒரே துண்டாக ஒட்டுங்கள். பல துண்டுகளாக ஒட்டினால் இணைப்புகளில் கசியும். தாழ்ப்பாள் மட்டுமே போதும் என்று விற்பவர் சொன்னாலும் டேப் போடுங்கள். உள்ளே ஒரு காய்ந்த டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்துவிட்டால், ஓட்டி முடித்துத் திறக்கும்போது நீர் எந்தப் பக்கம் புகுந்தது என்று அது காட்டிக்கொடுக்கும்.

நீரில் இறக்குதல்

ரிமோட்டின் மின்சாரத்தை முதலில் போடுங்கள், பிறகு படகினுடையதை. படகைக் கையில் பிடித்தபடி, விசிறியிலிருந்து விரலை விலக்கி வைத்துக்கொண்டு, மோட்டார் மெதுவாகச் சுழலும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்காத படகைக் கடலில் விடவே கூடாது. ஓடத் தொடங்கியதும் பக்கவாட்டுத் துளையில் குளிர்விக்கும் நீர் பீச்சுகிறதா என்று கவனியுங்கள். மணலும் பாசியும் அந்தக் குழாயை அடைத்துவிடும்.

அலையை நேருக்கு நேராகவோ விலாவிலோ வாங்காமல், சற்றுச் சாய்வாக ஏறுங்கள். கவிழ்ந்தால் விசையை உடனே விட்டுவிட்டுக் காத்திருங்கள். நிமிர்ந்தவுடன் முழு வேகம் கொடுக்காதீர்கள். அறையில் நீர் இருக்கும்வரை படகு ஒருபுறம் சாய்ந்திருக்கும், அப்போது திருப்பினால் மறுபடி கவிழும். மெதுவாக நேரே ஓட்டி, சாய்வு மறைந்த பிறகு வேகமெடுங்கள்.

மீன்பிடித் துறைமுக வாயிலில் வள்ளங்கள் போகும் வழியிலும், கரைமடி வலை இழுக்கும் இடத்திலும் ஓட்ட வேண்டாம். அது அவர்களுடைய தொழில். ஒரு கயிற்றில் விசிறி சிக்கினால் வலையும் பாழ், படகும் பாழ். நின்றுபோன படகை மீட்க, தூண்டில் நரம்பின் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, படகுக்கு அப்பால் எறிந்து இழுங்கள். எக்காரணம் கொண்டும் நீந்திப் போகாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாத நாளிலும் நம் கடற்கரையில் கள்ளக்கடல் ஏறும், அதாவது தொலைதூரக் கடலில் எழுந்த பேரலை திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தது அப்படி எழுந்த அலையில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. அது இருக்கும் நாளில் படகை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

உப்பைக் கழுவுதல்

ஓட்டிய அன்றே, ஒரு வாளி நல்ல தண்ணீரில் பின்பகுதியை மூழ்கவைத்து மோட்டாரைச் சில நொடிகள் மெதுவாக ஓட்டுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் குளிர்விக்கும் குழாய்க்குள் நல்ல தண்ணீரைச் செலுத்துங்கள். விசிறித் தண்டை உருவித் துடைத்து, நீருக்கென்று விற்கும் கிரீஸைப் புதிதாகத் தடவுங்கள். நீர் புகும் அறையை மறந்துவிடாதீர்கள். அதற்குள்ளும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்ட வேண்டும். மூடியைத் திறந்து நிழலில் காயவிடுங்கள். லிப்போ மின்கலத்தை முழுச் சார்ஜிலும் வைக்காமல், முழுதும் இறங்கியும் வைக்காமல், ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் எடுத்துவையுங்கள்.

பின்சேர்க்கை: பாறசாலையிலிருந்து ஒரு நண்பர், பூவாறு பொழியில் தம் படகு முதல் வாரம் நன்றாக நிமிர்ந்து, பிறகு நிமிர மறுக்கிறது என்று எழுதியிருந்தார். தொட்டியில் குமிழி மிக மெதுவாக வருகிறது என்று அவர் சொன்னதே காரணத்தைக் காட்டிவிட்டது. மணல் கலந்த நீர் அறைக்குள் போய் வந்ததில், துளையின் உட்புறத்தில் மணல் படிந்து உப்போடு இறுகியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்த பிறகு படகு முன்போலவே நிமிர்கிறது. பொழியில் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறை கழுவும்போதும் அந்தத் துளையில் ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.