சென்னை மாடியில் சைவ்ஸ்: விதையிலிருந்து முதல் அறுப்பு வரை

சைவ்ஸுக்குத் தமிழில் புழக்கத்தில் உள்ள பெயர் கிடையாது. வெங்காயத்தாள் என்று கேட்டால் கோயம்பேட்டில் தருவது வேறு. சைவ்ஸ் அதே குடும்பம்தான், ஆனால் புல் மாதிரி மெல்லிய, உள்ளே குழலாக இருக்கும் இலை. காரம் குறைவு, வாசனை மென்மை. ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் அறுக்க அறுக்கத் தளிர்க்கும். குளிர்நாட்டுச் செடி என்பதால் நம் ஊரில் வராது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். வரும். எப்போது விதைக்கிறோம் என்பதுதான் முக்கால்வாசி வேலை.

நான் முதலில் விதைத்தது ஏப்ரலில். விதைப் பாக்கெட்டில் வசந்த காலத்தில் விதைக்கவும் என்று அச்சிட்டிருந்தது, அதை அப்படியே நம்பினேன். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றியும் ஒரு முளைகூட வரவில்லை. அந்த வசந்தம் நம் ஊர் வசந்தம் இல்லை. சைவ்ஸ் விதைக்கு 15 முதல் 21 டிகிரி வெப்பம் போதும், ஏப்ரல் மாதச் சென்னை மாடி அதைப்போல் இரண்டு மடங்கு சூடு.

எப்போது விதைப்பது

கார்த்திகை நடுவிலிருந்து மார்கழி முடிவதற்குள், அதாவது நவம்பர் கடைசி முதல் ஜனவரி முதல் வாரம் வரை. இரவில் வெப்பம் 21, 22 டிகிரிக்கு இறங்கும் காலம் இது. இதை விட்டால் அடுத்த வருடம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. சென்னையின் பெருமழையும் இதே நாட்களை ஒட்டியே வரும். 2023இல் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது டிசம்பர் முதல் வாரத்தில். அதனால் விதைத் தட்டைத் திறந்த மாடியில் வைக்கவே வேண்டாம். சன்ஷேடுக்கு அடியிலோ பால்கனி உள்பக்கத்திலோ வையுங்கள். அடித்துப் பெய்கிற ஒரு மழை போதும், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதையை வாரிக்கொண்டு போய்விடும்.

விதை வாங்கும்போது

பாக்கெட்டின் பின்பக்கத்தில் தேதியைப் பாருங்கள். வெங்காயக் குடும்பத்து விதைகள் எல்லாமே சீக்கிரம் உயிர் இழக்கும். ஒரு வருடத்துக்கு மேல் ஆன விதை பாதிகூட முளைக்காமல் போகலாம், அதுவும் நம் ஊர் ஈரக்காற்றில் சாதாரணமாக வைத்திருந்தால் இன்னும் மோசம். மீதி விதையைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கார்லிக் சைவ்ஸ் என்று இன்னொன்று உண்டு. இலை தட்டையாக இருக்கும், பூண்டு வாசனை அடிக்கும், வெயிலை நன்றாகத் தாங்கும். முதல் தடவை வளர்ப்பவர்கள் இரண்டிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சைவ்ஸ் மே மாதத்தில் தளர்ந்து போனாலும் கார்லிக் சைவ்ஸ் நின்றுவிடும். விதைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

மண் கலவையும் விதைப்பும்

விதைப்பதற்குக் கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) நன்றாகச் சலித்த மண்புழு உரமும் சம அளவு போதும். கோகோபீட் கட்டியாக வாங்கினால் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிடுங்கள். அதிலுள்ள உப்பு இளம் வேருக்கு ஆகாது. கலவையை ஒரு கைப்பிடி இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

அகலமான மண் சட்டி கிடைத்தால் அதுவே நல்லது. அடியில் துளை கட்டாயம். பிளாஸ்டிக் தட்டைவிட மண் சட்டி இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கும், பானைத் தண்ணீர் குளிர்கிற அதே காரணம்தான்.

விதை எள்ளைப்போல் கறுப்பாக, சற்றுக் கோணலாக இருக்கும். ஓரிடத்துக்கு எட்டுப் பத்து விதை என்று கொத்துக் கொத்தாகத் தூவுங்கள், கொத்துகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி. மேலே அரை சென்டிமீட்டர் கலவையைத் தூவி மூடுங்கள். இந்த விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும், அதனால் மூடாமல் விடாதீர்கள். ஸ்பிரேயரால் நனைத்து, ஈரச் சாக்குத் துணியால் போர்த்தி, வீட்டிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள். என் வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கம்.

முளைப்பு

பத்து நாள் முதல் மூன்று வாரம் ஆகும். ஐந்தாம் நாளே பொறுமை இழந்து மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள், எல்லாம் குலைந்துவிடும். ஏழாம் நாளிலிருந்து தினமும் துணியை விலக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் வெளுத்து நெட்டையாகிச் சாய்ந்துவிடும்.

முளை நேராக வராது. ஊசியை வளைத்தது போல நடுவில் மடங்கி வெளியே வரும், பிறகு நிமிரும்போது நுனியில் கறுப்பு விதைத்தோல் ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்க வேண்டாம், தானாக உதிரும். எருவோடு வரும் புல்லும் பார்க்க இதைப்போலவே இருப்பதால் குழப்பம் வரும். அந்தக் கறுப்புத் தொப்பிதான் அடையாளம். அப்படியும் சந்தேகம் என்றால் ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள், சைவ்ஸ் என்றால் வெங்காய வாசனை வரும்.

இந்தக் கட்டத்தில் நாற்றைக் கொல்வது பெரும்பாலும் தாகம் இல்லை, அதிகத் தண்ணீர். தண்டு மண்ணை ஒட்டி அழுகி, வரிசையாகச் சாயும். மேலே ஊற்றாமல், சட்டியை ஒரு தாம்பாளத் தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். கலவையில் ஒரு ஸ்பூன் டிரைகோடெர்மா விரிடி பொடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) முன்பே கலந்திருந்தால் இன்னும் பாதுகாப்பு.

எந்தத் தண்ணீர்

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். வெங்காயக் குடும்பம் உப்பைத் தாங்காது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் நாற்றுக்கு வேண்டாம். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரோ, மாடியில் பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். நுனி பழுப்பாகிக் காய்வதைப் பார்த்து வெயில் என்று நினைத்தே ஒரு சீசன் முழுக்க நிழலைத் தேடி நகர்த்திக்கொண்டிருந்தேன். தண்ணீரை மாற்றியபின் வந்த புது இலைகளில் அந்தக் காய்ச்சல் இல்லை.

தொட்டிக்கு மாற்றுதல்

ஐந்தாறு வாரத்தில் நாற்று ஒரு விரல் நீளம் வளர்ந்திருக்கும். தனித்தனியாகப் பிரிக்க வேண்டாம், கொத்தாகவே எடுத்து நடுங்கள். எட்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு கொத்து. செம்மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றும் சம அளவு, கூட ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மாலையில் நட்டு, மூன்று நாள் நிழலில் வைத்து, அப்புறம் காலை வெயில் நான்கு மணி நேரம் படும் இடத்துக்கு மாற்றுங்கள். கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் வேறு இடமே தேட வேண்டாம்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். இலையில் வெள்ளிக் கீறல் போலத் தெரிந்தால் இலைப்பேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

அறுப்பு

விதைத்து இரண்டரை மாதத்தில், இலை ஒரு சாண் அளவு வந்ததும் முதல் அறுப்பு. கத்தரிக்கோலால், மண்ணுக்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்டுங்கள். நுனியை மட்டும் கிள்ளினால் வெட்டுவாய் காய்ந்து அசிங்கமாக நிற்கும், புதுத் தளிரும் குறையும். முதல் தடவை பாதிக் கொத்தை மட்டும் எடுங்கள். மூன்று வாரத்தில் மறுபடி வளர்ந்திருக்கும்.

அடுப்பில் வதக்கினால் வாசனை போய்விடும். ஊத்தப்பம் எடுப்பதற்கு அரை நிமிடம் முன்னால் தூவுங்கள். தயிர் சாதத்தில் பொடியாக நறுக்கிப் போட்டால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள், இந்தக் குடும்பத்துச் செடிகள் அவற்றுக்கு நஞ்சு.

கோடை

மார்ச் பிறந்ததும் 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் வளர்ச்சி நின்றுபோகும், இலை மெலியும். அப்போது உரம் போடாதீர்கள், ஒரேயடியாக அறுக்காதீர்கள். நிழலில் வைத்து, மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே பட்டுப்போனது போல் இருந்தாலும் அடித்தூர் உறுதியாக இருந்தால் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம், ஐப்பசி மழைக்குத் தளிர்க்கலாம். தப்பிய தூரை டிசம்பரில் தோண்டி எடுத்து, வேரோடு இரண்டு மூன்றாகப் பிரித்து நட்டால் அந்த வருடம் விதை வாங்கும் வேலையே இல்லை.