சித்ராம்மாவைப் பார்க்கக் கூட்டாகப் போவது எப்படி? முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்குச் சித்ரா பாட்டு தேடிப் போய்க் கேட்ட பாட்டு அல்ல. டவுன் பஸ், டீக்கடை, கல்யாண வீட்டுக் குழாய் ரேடியோ, பாட்டுப் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய கேசட் என்று எல்லாப் பக்கமும் அந்தக் குரல் இருந்தது. பின்னணிப் பாடகி கே.எஸ். சித்ரா 1963-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1985-இல் ‘பூவே பூச்சூடவா’ படத்துக்காக இளையராஜா இசையில் பாடிய பாட்டிலிருந்து ‘சின்னக்குயில்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு வந்த ‘சிந்து பைரவி’ முதல் தேசிய விருதை வாங்கித் தந்தது. இன்றைக்கு அவரிடம் ஆறு தேசிய விருதுகள் இருக்கின்றன. 2021-இல் பத்மபூஷண் கிடைத்தது. இன்னமும் மேடையேறிப் பாடிக்கொண்டிருக்கிறார்.

அதனால் சினிமாவில் ஆள் தெரிந்தவர்களால் மட்டும்தான் அவரைப் பார்க்க முடியும் என்று நினைக்க வேண்டியதில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் சென்னைக் கச்சேரிக்குப் போய், முடிந்தால் அவரைச் சந்தித்து வணக்கம் சொல்லிவிட்டு வருவது எப்படி என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். வேறு ஊர்க்காரர்கள் ரயிலை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் போவது கச்சேரிக்கு. சந்திப்பு கிடைத்தால் அது மேல்வரவு. திட்டம் முழுவதையும் இந்த எண்ணத்தில் போட்டால்தான் யாரும் மனம் கசந்து ஊர் திரும்ப மாட்டார்கள், அந்த அம்மாவுக்கும் நம்மால் தொந்தரவு இருக்காது.

படி 1: ஆள் சேர்ப்பது

ஐந்து அல்லது ஆறு பேர் போதும். ரயிலில் ஒரு பி.என்.ஆரில் ஆறு பேருக்குத்தான் முன்பதிவு செய்ய முடியும். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்க அனுமதி கேட்கும்போதும் ஆறு பேர் என்றால் யோசிப்பார்கள், இருபது பேர் என்றால் உடனே மறுப்பார்கள்.

சேர்க்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “சித்ராம்மாவை நேரில் பார்க்க முடியாமல் போனாலும் வருவீர்களா?” தயங்குகிறவரை வற்புறுத்த வேண்டாம். போட்டோவுக்காக மட்டும் வருகிற ஒருவர் இருந்தால் கச்சேரி நேரம் முழுக்க “எப்போ உள்ளே போகலாம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார், மற்றவர்களாலும் பாட்டைக் கேட்க முடியாது.

அப்புறம் வேலையைப் பிரித்துவிடுங்கள். ரயில், தங்குமிடம் ஒருவர் பொறுப்பு. காசுக் கணக்கு ஒருவர். நிகழ்ச்சி நடத்துகிறவர்களோடு பேசுவது ஒருவர் மட்டும். ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் போன் செய்தால் அவர்கள் எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

படி 2: எந்த நிகழ்ச்சிக்குப் போவது?

முதல் தடவை போகிறவர்கள் இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பாடகர் ஒருவரே என்றாலும் நிகழ்ச்சியைப் பொறுத்து வாய்ப்பு ரொம்பவே மாறும்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம், பெரியமேட்டு நேரு உள்விளையாட்டரங்கம் மாதிரி இடங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். இசையமைப்பாளர் பெயரில் நடக்கும் பெரிய கச்சேரி என்றால் சித்ராம்மா பல பாடகர்களில் ஒருவராகத்தான் வருவார். பாட்டு கேட்க அருமையான இடம், ஆனால் பாதுகாப்பு வளையத்தைத் தாண்டி அவர் பக்கத்தில் போவது நடக்காத காரியம்.

காமராஜர் அரங்கம், மியூசிக் அகாடமி போன்ற மூடிய அரங்கில், அவரே முக்கியப் பாடகராக இருக்கும் மாலை நிகழ்ச்சி நமக்குத் தோதானது. அளவான கூட்டம், ஒழுங்கான இருக்கை. நடத்துகிறவர்களையும் முன்கூட்டியே தேடிப் பிடித்துப் பேச முடியும்.

சபாவோ அறக்கட்டளையோ நடத்தும் பாராட்டு விழா, விருது விழா என்றால் இன்னும் நல்லது. அன்று மூன்று மணி நேரம் நின்று பாட வேண்டிய சுமை அவருக்கு இருக்காது. நான்கு வார்த்தை பேச அவருக்கும் மனம் இருக்கும். என்னைக் கேட்டால், பாட்டுக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, சந்திப்புதான் ஆசை என்பவர்கள் இப்படிப்பட்ட விழாவுக்காகக் காத்திருக்கலாம்.

தேதியை அவருடைய அதிகாரபூர்வ சமூக ஊடகப் பக்கத்திலும் சரிபார்த்துவிட்டுத்தான் காசைக் கட்ட வேண்டும். ‘சித்ரா நைட்’ என்று போஸ்டர் போட்டு வேறு யாரோ அவர் பாட்டுகளைப் பாடும் நிகழ்ச்சிகளும் உண்டு. அதில் தப்பில்லை, நாம் தேடுவது அதையல்ல, அவ்வளவுதான்.

படி 3: நுழைவுச் சீட்டு

புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற செயலிகளில் விற்றால் அங்கேயே வாங்குங்கள். தெரியாதவர் வாட்ஸாப்பில் “கைவசம் நாலு சீட்டு இருக்கு” என்று அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். விலை கூடின சீட்டு வாங்கினால் சந்திப்பும் சேர்ந்தே கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். சந்திப்பு உண்டு என்று சீட்டு விவரத்தில் எழுத்தில் இருந்தால் மட்டும்தான் உண்டு.

2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு பெரிய கச்சேரியில், சீட்டு வாங்கியவர்களே நெரிசலால் உள்ளே போக முடியாமல் திரும்பியது பலருக்கும் நினைவிருக்கும். திறந்தவெளி என்றால் வாசல் திறக்கும் நேரத்துக்கே அங்கே நின்றுவிடுங்கள்.

படி 4: அனுமதி கேட்டுக் கடிதம்

நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நடத்துகிறவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாடகரின் சொந்த எண்ணை எங்கிருந்தாவது பிடித்துக் கூப்பிடுவது கூடவே கூடாது. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ஒரு மாதிரி தருகிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

“வணக்கம். நாங்கள் மதுரையிலிருந்து ஆறு பேர் உங்கள் நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியிருக்கிறோம். சிறு வயது முதல் சித்ரா அம்மாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். நிகழ்ச்சி முடிந்தபின் அவருக்கு வசதியாக இருந்தால் இரண்டு நிமிடம் வணக்கம் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். எங்களில் ஒருவருக்கு வயது எழுபதுக்கு மேல். முடியாவிட்டாலும் புரிந்துகொள்வோம். எங்கள் பெயரும் இருக்கை எண்களும் கீழே உள்ளன.”

எத்தனை பேர், எவ்வளவு நேரம், எப்போது, என்ன வேண்டும் என்ற நான்கும் இதில் இருப்பதைக் கவனியுங்கள். பதில் சொல்கிறவருக்கு வேலை எளிதாகும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் நச்சரிக்காதீர்கள்.

படி 5: ரயிலும் தங்குமிடமும்

இப்போது ரயிலில் 60 நாள் முன்னதாகத்தான் முன்பதிவு திறக்கிறது, காலை 8 மணிக்கு. சனி, ஞாயிறு கச்சேரி என்றால் முன்பதிவு திறக்கும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். தத்காலை நம்பிக் கூட்டமாகக் கிளம்ப முடியாது, அதில் ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான். பெரியவர்கள் இருந்தால் கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீட்டைப் பாருங்கள். 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களுக்கும், 45 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கும் அது உண்டு, ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் போனால்தான்.

மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலை சென்னையில் இருக்கலாம். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால், வண்டி எழும்பூரில் நிற்குமா தாம்பரத்தோடு நின்றுவிடுமா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் கென்னட் லேனில் எல்லா விலையிலும் லாட்ஜ் இருக்கிறது. எல்லோரும் அசல் அடையாள அட்டை வைத்திருங்கள். அங்கிருந்து நந்தனத்துக்கும் தேனாம்பேட்டைக்கும் மெட்ரோவிலேயே போகலாம்.

அன்றிரவே திரும்ப வேண்டும் என்று டிக்கெட் போடாதீர்கள். கச்சேரி பத்து மணிவரை கூடப் போகலாம், பாண்டியன் அதற்கு முன்பே கிளம்பிவிடும். கடைசிப் பாட்டு நடக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து போவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? மறுநாள் பகல் வைகை எக்ஸ்பிரஸில் திரும்புங்கள்.

ரயிலில் போகும் அந்த இரவு இருக்கிறதே, அதை வீணாக்காதீர்கள். பத்து மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டுப் போட ரயிலில் அனுமதி இல்லை, மற்றவர்களுக்குத் தூக்கமும் வேண்டும். அதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு பாட்டைச் சொல்லி, அதை முதன்முதலில் எங்கே, யாரோடு கேட்டோம் என்று சொல்லுங்கள். ஒருவர் அக்காவின் வளைகாப்பு என்பார். ஒருவர் மில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் சைக்கிள் என்பார். நாற்பது வயதுக்காரர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாகிவிடுவார்கள். வாட்ஸாப்பில் மட்டும் தெரிந்தவர்கள் சொந்தக்காரர்கள் ஆவது இந்தப் பேச்சில்தான். அவரிடம் என்ன சொல்வது என்பதும் இங்கேதான் கிடைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 6: என்ன கொண்டுபோவது

பழைய கேசட்டின் உள் அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்து வாங்க அதைவிட நல்ல பொருள் இல்லை. வழவழப்பான அட்டையில் சாதாரணப் பேனா எழுதாது, பெர்மனென்ட் மார்க்கர் வேண்டும். ஆளுக்கு ஐந்து பொருள் நீட்ட வேண்டாம். கூட்டத்துக்கே ஒன்றிரண்டு போதும்.

பரிசாகப் பெரிய கண்ணாடிச் சட்டம் போட்ட படம் வேண்டாம். ஊர் ஊராகப் போகிறவர் அதை எங்கே தூக்கிக்கொண்டு போவார்? தின்பண்டமும் வேண்டாம். தொண்டையைக் காப்பாற்ற வேண்டியவர்கள் தெரியாதவர் தந்ததைச் சாப்பிட முடியாது. ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் தமிழில் கையால் எழுதிய சின்ன நோட்டு ஒன்று கொடுங்கள். பாடகர் யாருக்கும் இதைவிடச் சிறந்த பரிசு எனக்குத் தோன்றவில்லை.

படி 7: அந்த இரண்டு நிமிடம்

கச்சேரிக்கு முன்னால் பார்க்கக் கேட்காதீர்கள். ஒலிச் சோதனை, பாட்டு வரிசை, குரலைத் தயார் செய்வது என்று அந்த நேரம் முழுக்க வேலை இருக்கும். பேசப் பேசக் குரல் களைக்கும். முடிந்தபின் நடத்துகிறவர் சொல்லும் இடத்தில் வரிசையாக நில்லுங்கள். அறுபதைக் கடந்தவர், மூன்று மணி நேரம் நின்று பாடிவிட்டு வருகிறார் என்பது நினைவிருக்கட்டும்.

பெரியவர்கள் முதலில் போகட்டும். கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும். நாமாகக் கையைப் பிடிப்பது, தோளில் கை போடுவது வேண்டாம். காலில் விழுவதையும் தவிருங்கள். இடம் சிறியது, பின்னால் நிற்பவர் தடுமாறுவார், அவரும் சங்கடப்படுவார்.

என்ன பேசுவது? “நான் உங்க பரம ரசிகன்” என்பதை அவர் தினமும் கேட்கிறார். ரயிலில் சொன்னீர்களே, அதைச் சொல்லுங்கள். “எங்கப்பா டீக்கடையில உங்க கேசட் தேய்ஞ்சு போற வரைக்கும் ஓடுச்சும்மா.” ஒரே வாக்கியம், உங்களுடையது மட்டும். அதற்கு அவர் சிரித்து ஒரு வார்த்தை பதில் சொன்னால் உங்கள் சந்திப்பு நிறைந்துவிட்டது. அடுத்தவருக்கு வழி விடுங்கள். வாயே வராமல் கண் கலங்கிவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவருக்கு அது புரியும்.

“ஒரு வரி பாடுங்கம்மா” என்று கேட்கக் கூடாது. இப்போதுதான் பாடி முடித்திருக்கிறார். இன்னொரு பாடகியோடு ஒப்பிட்டுப் பேசுவதும், உங்கள் பிள்ளையின் பாட்டைக் கேட்கச் சொல்லிப் போனை நீட்டுவதும் வேண்டாம். அவருடைய சொந்த வாழ்க்கைத் துயரங்களைப் பற்றி ஆறுதல் சொல்லக்கூட வாய் திறக்காதீர்கள். அது அவர் காத்துக்கொள்ளும் இடம்.

படம் எடுக்க ஒரே போன், ஒரே ஆள் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடத்துகிறவர்களில் ஒருவரிடம் போனைக் கொடுத்தால் ஆறு பேரும் படத்தில் வரலாம். பளிச்சென்று அடிக்கும் பிளாஷை அணைத்துவிடுங்கள். வீடியோ எடுப்பதானால் கேட்டுவிட்டுத்தான்.

படி 8: சந்திக்க முடியாமல் போனால்

இது நடக்கும். விமானத்துக்கு நேரமாகியிருக்கலாம், உடம்பு முடியாமல் இருக்கலாம். அந்த நோட்டை நடத்துகிறவர்களிடம் கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வண்டிக்குப் பின்னால் ஓடாதீர்கள். அவர் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்தே உட்காருங்கள். எந்தப் பாட்டில் அரங்கம் அமைதியானது, எந்த இடத்தில் உங்களுக்குப் புல்லரித்தது என்று பேச நிறைய இருக்கும்.

ஊர் திரும்பியதும்

ஒரு வாரத்துக்குள் கணக்கை முடித்து, ரயில், லாட்ஜ், சாப்பாடு என்று பிரித்துக் குழுவில் போட்டுவிடுங்கள். படங்களைப் பொதுவில் போடுவதற்கு முன் கூட வந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நடத்தியவர்களுக்கு நன்றி மின்னஞ்சல் ஒன்று போகட்டும், சந்திப்பு கிடைக்காமல் போயிருந்தாலும்.

உங்கள் கூட்டம் எந்த ஊர், யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ரயில் விவரமோ கடிதமோ திருத்த வேண்டுமானால் பார்த்துச் சொல்கிறேன்.