பிராண்ட் மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆடியோ சிஸ்டத்தில் ப்ரீ-ஆம்ப் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி), பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் பெட்டி) எல்லாம் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்ற கவலை இல்லை. அதை அவர்களே பார்த்திருப்பார்கள். ஒரு பெட்டியை மட்டும் வேறு பிராண்டுக்கு மாற்றினால் அந்த வேலை நம் தலையில்.

முதலில் பார்க்க வேண்டியது இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் மின் எதிர்ப்பு. பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், ப்ரீ-ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல பத்து மடங்காவது இருக்கட்டும். ட்யூப் (வால்வு) ப்ரீ-ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 10,000 ஓம் இன்புட் உள்ள ஆம்போடு இணைத்தால் பல ட்யூப் ப்ரீ-ஆம்ப்களில் பாஸ் (கீழ் ஸ்தாயி ஒலி) மெலிந்துவிடும். குறை இரண்டு பெட்டிகளிலும் இல்லை, ஜோடியில்தான்.

சில பிராண்டுகளுக்கென்று தனி வழக்கங்கள் உண்டு. நெய்ம் (Naim) பிராண்டின் பழைய ப்ரீ-ஆம்ப்கள் பல, பவர் ஆம்பிலிருந்தோ தனி பவர் சப்ளையிலிருந்தோ டின் (DIN) என்ற பல பின் கேபிள் வழியாகத்தான் மின்சாரம் வாங்கும். பவர் ஆம்பை மட்டும் விற்றுவிட்டால் ப்ரீ-ஆம்புக்கு உயிர் இருக்காது. அக்யூஃபேஸ் (Accuphase) பிராண்டின் எக்ஸ்எல்ஆரில் (XLR, மூன்று பின் இணைப்பு) 3-ஆம் பின் பாசிட்டிவ். மற்ற பெரும்பாலான பிராண்டுகளில் 2-ஆம் பின். ஸ்பீக்கர் எக்ஸ்எல்ஆர் வழியிலும் சப்வூஃபர் (பாஸுக்கான தனி ஸ்பீக்கர்) ஆர்சிஏ (RCA, சாதாரண ஒற்றைப் பின் இணைப்பு) வழியிலும் போனால், இரண்டும் எதிரெதிர் ஃபேஸில், அதாவது ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதாக இயங்கி, இரண்டின் ஒலியும் சேரும் இடத்தில் பாஸ் காணாமல் போகலாம்.

ஸ்பீக்கரை மாற்றுகிறவர்கள் வாட்ஸுக்கு முன் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள், அதாவது அதே பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதை. கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கர் 85 டெசிபல், க்ளிப்ஷ் லா ஸ்காலா ஸ்பீக்கர் 105. இந்த 20 டெசிபல் வித்தியாசம் என்பது நூறு மடங்கு பவர். ஒன்றுக்குப் பொருந்திய ஆம்ப் மற்றதற்கும் பொருந்தும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

சரி, கணக்கு ஒத்துவந்துவிட்டது. இனி காது. கடையில் கேட்டு முடிவெடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய ஆம்போடு வைத்துக் கேளுங்கள். ஆனால் சத்தத்தைச் சமன் செய்யாமல் கேட்பதில் பயனே இல்லை. அரை டெசிபல் கூடினால்கூட நமக்கு அது 'தெளிவு' என்றுதான் தோன்றும், சத்தம் என்று தோன்றாது. 200 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஒலி) குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் அளந்து பாருங்கள். முனைகள் இரண்டும் தொட்டுக்கொண்டால் ஆம்ப் போய்விடும், ஜாக்கிரதை. பழையதில் 1.00 வோல்ட் என்றால் புதியதில் 0.99-க்கும் 1.01-க்கும் நடுவே நிற்க வேண்டும். ஸ்பீக்கர்களை ஒப்பிட இது உதவாது. அதற்குக் கேட்கும் இடத்தில் சத்தமானி வேண்டும்.

நான் ஆம்ப் மாற்றியபோது, புதியதில் பாடகியின் குரல் ஓரடி முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. அளந்து சமன் செய்ததும் குரல் பழைய இடத்துக்கே போய்விட்டது. மிஞ்சியது பாஸில் ஒரு பிடிமானம்: டபுள் பாஸில் ஒவ்வொரு மீட்டலும் அடுத்ததோடு கலக்காமல் நின்று முடிந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் வாங்கினேன், அது போதுமானதாகவும் இருந்தது.

ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துப் பார்ப்பதை இதற்கெல்லாம் முன்பே செய்துவிடுங்கள், காசு செலவில்லை. பழைய பெட்டியை, அட்டைப்பெட்டியோடு, இரண்டு மாதமாவது விற்காமல் வைத்திருங்கள். அப்புறம், கேபிளைக் கழற்றும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பவர் ஆம்பைக் கடைசியில் போட்டு, முதலில் அணையுங்கள்.